பதக்க மேடையில் கை உயர்த்துபவரைத் தண்டிக்காதீர்கள்: ஒலிம்பிக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் கிர்ஸ்டி கோவென்ட்ரி அவர்களுக்கும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2023 அக்டோபர் 16 அன்று மும்பையில் கூடிய உங்கள் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்க்க வாக்களித்தது. 1900 பாரிஸ் போட்டிக்குப் பிறகு முதல் முறையாகக் கிரிக்கெட் ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது என்பதால் எங்கள் ஊர்ப்பக்கம் அன்று அதே பேச்சுதான். ஆனால் தடகளத்தைப் பின்தொடரும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தேதி இன்னொன்றையும் நினைவூட்டியது. சரியாக 55 ஆண்டுகளுக்கு முன், 1968 அக்டோபர் 16 அன்றுதான், மெக்சிகோ நகரத்தின் பதக்க மேடையில் அமெரிக்கக் கறுப்பின ஓட்ட வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த கைகளை உயர்த்தி நின்றார்கள். அவர்களை வெளியேற்றச் சொல்லி உத்தரவிட்டது உங்கள் கமிட்டி.

அதே தவறு லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி நடந்துவிடுமோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன். ஒலிம்பிக் இடங்களில் அரசியல், மத, இனப் பிரச்சாரம் கூடாது என்கிற 50ஆம் விதியை 2021 ஜூலையில் நீங்கள் கொஞ்சம் தளர்த்தினீர்கள். போட்டி தொடங்கும் முன் களத்தில் ஒரு வீரர் முழங்காலிடலாம் என்றானது. பதக்க மேடையில் மட்டும் தடை அப்படியே இருக்கிறது. இனவெறிக்கும் போலீஸ் வன்முறைக்கும் எதிராக அங்கே ஒருவர் சத்தமில்லாமல் கையை உயர்த்தினாலும் அவர் மீது நடவடிக்கை பாயலாம். 2028க்கு முன் அந்தத் தடையை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

1968இல் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தப் படத்தை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். 200 மீட்டரை ஸ்மித் 19.83 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார். அரையிறுதியில் தசை பிடித்துக்கொண்டு, இறுதிப் போட்டியில் ஓட முடியுமா என்றே தெரியாமல் இருந்தவர் அவர். மேடைக்கு வந்தபோது இருவர் காலிலும் ஷூ இல்லை. கறுப்பின மக்களின் வறுமையைச் சொல்வதற்காகக் கறுப்பு சாக்ஸ் மட்டும் அணிந்திருந்தார்கள். ஸ்மித்தின் கழுத்தில் ஒரு கறுப்புத் துணி. கார்லோஸின் கழுத்தில் மணிமாலை. வெறிக் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்றவர்களுக்காக அதை அணிந்ததாக அவர் சொன்னார். அவருடைய ஜாக்கெட் ஜிப் போடாமல் திறந்திருந்தது. அது உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக.

கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது. கார்லோஸ் தன்னுடையதை ஒலிம்பிக் கிராமத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர், இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன். அதனால்தான் படத்தில் ஒருவர் வலது கையையும் இன்னொருவர் இடது கையையும் உயர்த்தியிருக்கிறார்கள். வெள்ளையரான நார்மன் யோசனையோடு நிற்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் நடத்திய மனித உரிமை இயக்கத்தின் பேட்ஜைக் கேட்டு வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டுதான் மேடை ஏறினார். கோஷம் கிடையாது. வசவு கிடையாது. கீதம் முடியும்வரை ஸ்மித்தும் கார்லோஸும் தலைகுனிந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

அப்போது உங்கள் நாற்காலியில் இருந்தவர் ஏவரி பிரண்டேஜ். அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி முதலில் தயங்கியது. இருவரையும் அனுப்பாவிட்டால் அமெரிக்காவின் மொத்தத் தடகள அணியையும் வெளியேற்றிவிடுவோம் என்று உங்கள் கமிட்டி மிரட்டியதும் அது பணிந்தது. இரண்டே நாளில் ஸ்மித்தும் கார்லோஸும் கிராமத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. (பலர் நினைப்பதுபோல் பதக்கங்கள் பறிக்கப்படவில்லை. அவை அவர்களிடமே இருந்தன.) இதே பிரண்டேஜ் 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தவர். அங்கே நாஜி சல்யூட் அடிக்கப்பட்டபோது அவர் ஆட்சேபிக்கவில்லை. அரசியல் வேண்டாம் என்ற விதி யாருக்கு வளைந்தது, யார் மேல் விழுந்தது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மெக்சிகோவுக்கு நான்கு ஆண்டு கழித்து, 1972 மியூனிக்கிலும் இதேதான் நடந்தது. 400 மீட்டரில் தங்கமும் வெள்ளியும் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் வின்ஸ் மேத்யூஸும் வெய்ன் காலெட்டும் கீதம் ஒலிக்கும்போது விறைப்பாக நிற்கவில்லை, பேசிக்கொண்டு நின்றார்கள் என்பதற்காக இனி ஒலிம்பிக் பக்கமே வரக்கூடாது என்று பிரண்டேஜ் தடை விதித்தார். அந்தத் தடையை உங்கள் கமிட்டி 2022 டிசம்பரில் நீக்கியது. நல்லது. ஆனால் அதற்குள் 50 ஆண்டு ஓடிவிட்டது. காலெட் 2010லேயே இறந்துவிட்டார். அவர் லாஸ் ஏஞ்சலஸ்காரர், யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2028இல் உங்கள் ஒலிம்பிக் கிராமம் அமையப்போவது அதே யுசிஎல்ஏ வளாகத்தில்தான். உலகெங்கிலுமிருந்து வரும் வீரர்கள் அங்கே தங்கும்போது, இங்கே படித்த ஒருவரைத்தான் மேடையில் நின்ற விதத்துக்காக அரை நூற்றாண்டு தள்ளிவைத்தோம் என்பதை அவர்களிடம் சொல்வீர்களா?

உங்கள் கமிட்டியின் போக்கில் எனக்குப் புரியாத ஒன்றைக் கேட்கிறேன். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவர் முகமது அலி. 2000 சிட்னியில் கேத்தி ஃப்ரீமேன். 1994 காமன்வெல்த் போட்டியில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கொடியை ஏந்தி ஓடிக் கண்டனத்துக்கு ஆளானவர் அவர். சிட்னியில் 400 மீட்டர் தங்கத்தை வென்ற பிறகும் அந்தக் கொடியையும் ஆஸ்திரேலியக் கொடியையும் சேர்த்து ஏந்தி வலம் வந்தார். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அப்புறம் 2021 டோக்கியோவில் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் யுஎஸ் ஓப்பனில் ஏழு ஆட்டங்களுக்கு ஏழு முகக்கவசங்களை அணிந்து வந்தார். பிரியானா டெய்லர், ஜார்ஜ் ஃப்ளாய்ட், டமிர் ரைஸ் என்று போலீசாலும் நிறவெறியாலும் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஏழு பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. இப்படி நிறவெறியை எதிர்த்து நின்ற மூன்று பேர் கையில் ஒலிம்பிக் தீபம் போயிருக்கிறது. அந்தத் துணிச்சலுக்காக இவர்களை உலகம் கொண்டாடும்போது ஒலிம்பிக்கும் சேர்ந்து கொண்டாடுகிறது. அதே துணிச்சலை ஒருவர் மேடையிலேயே காட்டினால் மட்டும் விசாரணை வருகிறது.

டோக்கியோவில் அப்படித்தான் வந்தது. குண்டு எறிதலில் வெள்ளி வென்ற ரேவன் சாண்டர்ஸ் மேடையில் இரண்டு கைகளையும் குறுக்காக உயர்த்திக் காட்டினார். ஒடுக்கப்பட்ட எல்லோரும் வந்து சேரும் சந்திப்பு அது என்றார். உங்கள் கமிட்டி விசாரணை தொடங்கியது. அடுத்த சில நாட்களிலேயே அவருடைய தாய் இறந்துபோனார். விசாரணையை நீங்கள் நிறுத்திவைத்தீர்கள். அந்த மனிதாபிமானத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சாவு நேராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்து மேடை ஏறப்போகும் வீரருக்கும் தெரியாது.

போலீஸ் வன்முறையைப் பற்றி விளையாட்டு வீரர்களுக்கு என்ன தெரியும், ஓடுவதோடு நிறுத்திக்கொள்ளட்டுமே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2015 ஏப்ரலில் நியூயார்க் போலீசார் கைது செய்தபோது கூடைப்பந்து வீரர் தாபோ செஃபலோஷாவின் கால் எலும்பு முறிந்தது. அவர் குற்றமற்றவர் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். பிறகு 40 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் முன்னாள் டென்னிஸ் நட்சத்திரம் ஜேம்ஸ் பிளேக்கை, வேறு யாரோ என்று தவறாக நினைத்து, ஹோட்டல் வாசலில் ஒரு போலீஸ்காரர் தரையில் சாய்த்தார். 2018 ஜனவரியில் மில்வாக்கியில், கார் நிறுத்திய இடம் சரியில்லை என்று தொடங்கிய பேச்சு, கூடைப்பந்து வீரர் ஸ்டெர்லிங் பிரவுனை மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் சுடுவதில் முடிந்தது.

அந்தப் பிரவுனைத்தான் 2020 ஆகஸ்ட் 26 அன்று உலகம் பார்த்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் ஒருவர் ஏழு முறை சுட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த மாநிலத்துக் கூடைப்பந்து அணியான மில்வாக்கி பக்ஸ், பிளே ஆஃப் ஆட்டத்துக்குக் களமிறங்கவே இல்லை. எதிரணி களத்தில் காத்திருந்தது. பக்ஸ் வீரர்கள் மணிக்கணக்கில் உடை மாற்றும் அறையிலேயே இருந்து, அங்கிருந்தே மாநில அட்டர்னி ஜெனரலைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். பிறகு வெளியே வந்து அறிக்கையை வாசித்தவர்கள் இருவர். ஒருவர் ஜார்ஜ் ஹில், இன்னொருவர் ஸ்டெர்லிங் பிரவுன். தன் உடம்பில் மின்னதிர்ச்சியை வாங்கிய ஒருவர் பேசுவதை வெளியாள் அரசியல் என்று எப்படித் தள்ள முடியும்?

அமெரிக்க லீகுகள் இந்த விஷயத்தில் தடுமாறியதையும் பார்த்திருப்பீர்கள். 2016 ஜூலையில், அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது எழாமல் உட்கார்ந்தது செய்தியாவதற்கு முன்பே, மினசோட்டா லிங்க்ஸ் பெண்கள் கூடைப்பந்து அணியினர் போலீஸ் தோட்டாவுக்குப் பலியானவர்களின் பெயர் பொறித்த சட்டையோடு வந்தார்கள். (பெண்கள் முதலில் நிற்பதும், பேச்சு ஆண்களைப் பற்றியே இருப்பதும் இதில் அடிக்கடி நடக்கிறது.) வேறு மூன்று அணிகளின் வீராங்கனைகளும் கறுப்புச் சட்டையோடு ஆட வந்தபோது லீக் அபராதம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. கேப்பர்னிக்கோ 2016 பருவத்துக்குப் பிறகு எந்த அணிக்கும் ஆடவில்லை. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, 2020 ஜூனில், வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று அவர் ஆடிய அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் கமிஷனர் ஒப்புக்கொண்டார். கேப்பர்னிக்குக்கு அதனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கோவென்ட்ரி அவர்களே, இனி உங்களிடமே நேராகப் பேசுகிறேன். 2020 ஜனவரியில் முழங்காலிடுவதும் கையை உயர்த்துவதும் கூடாது என்று வழிகாட்டுதல் வந்தபோது வீரர்கள் ஆணையத்தின் தலைவர் நீங்கள்தான். 2021 ஏப்ரலில், 185 நாடுகளைச் சேர்ந்த 3,500க்கும் மேற்பட்ட வீரர்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, மேடைத் தடை நீடிக்கட்டும் என்று பரிந்துரைத்ததும் உங்கள் ஆணையம்தான். மூன்றில் இரண்டு பங்கினர் மேடையில் வேண்டாம் என்றார்கள். அந்த எண்ணிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எதிர்ப்புத் தெரிவிக்கும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே. விருப்பமில்லாதவர் வழக்கம்போல் நின்றுவிட்டுப் போகலாம். ஒடுக்கப்படும் சிறுபான்மை வாய் திறக்கலாமா என்று பெரும்பான்மையிடம் கேட்டால் வேறென்ன பதில் வரும்? 1968இல் அமெரிக்கக் கறுப்பின வீரர்களே ஒலிம்பிக்கைப் புறக்கணிப்பது பற்றி ஒரே முடிவுக்கு வரவில்லை. அவரவர் மனசாட்சிப்படி செய்யட்டும் என்று விட்டார்கள். நான் கேட்பதும் அந்த அளவு இடம்தான்.

மேடை மூன்று பேருக்கும் சொந்தம், ஒருவர் தன் செய்தியைச் சொல்லி மற்றவரின் தருணத்தைக் கெடுக்கக்கூடாது என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழ்நாள் உழைப்பு அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. ஆனால் நார்மனைப் பாருங்கள். அன்று அவர் ஓடிய 20.06 விநாடி, 2024 டிசம்பர்வரை ஆஸ்திரேலிய சாதனையாக இருந்தது. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய ஓட்டத்தை முடித்துவிட்டு வந்த மனிதர், அந்த மேடையில் பங்கெடுத்ததைக் கடைசிவரை பெருமையாகத்தான் பேசினார். 2006இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமக்க அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும். நாடு திரும்பிய பிறகு அவர் நடத்தப்பட்ட விதத்துக்காக 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நார்மனிடம் மன்னிப்புக் கேட்டது.

கதவைத் திறந்துவிட்டால் வெறுப்பைப் பரப்புகிறவனும் உள்ளே வருவானே என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. பதில் உங்கள் சாசனத்திலேயே இருக்கிறது. இனம், நிறம், பாலினம், மொழி, மதம், பிறப்பு என எந்தப் பாகுபாடும் இன்றி எல்லோருக்கும் விளையாடும் உரிமை உண்டு என்று அதன் அடிப்படைக் கொள்கைகளில் எழுதிவைத்திருக்கிறீர்கள். அந்தக் கொள்கையை ஒரு வீரர் உடலால் சொன்னால் அது எப்படி விதிமீறலாகும்? அமெரிக்க ஒலிம்பிக் பாராலிம்பிக் கமிட்டி இந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறது. 2019 லிமா பான் அமெரிக்கப் போட்டியில் கையை உயர்த்திய சங்கிலிக் குண்டு வீராங்கனை க்வென் பெரியையும், முழங்காலிட்ட வாள்வீச்சு வீரர் ரேஸ் இம்போடனையும் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது அதே அமைப்பு. 2020 டிசம்பரில், இன நீதிக்காக மரியாதையோடு எதிர்ப்புத் தெரிவிப்பவர்களை இனித் தண்டிக்க மாட்டோம், வெறுப்புப் பேச்சுக்கு இது பொருந்தாது என்று அறிவித்தது. அவர்களால் முடிந்தது உங்களாலும் முடியும்.

நீங்கள் ஜிம்பாப்வேக்காக ஏழு ஒலிம்பிக் பதக்கங்களை நீந்தி வென்றவர். அந்த நாடு ரொடீசியாவாக, வெள்ளையர் சிறுபான்மை ஆட்சியில் இருந்தபோது, 1972 மியூனிக் போட்டிக்கு அதற்கு விடுத்த அழைப்பை உங்கள் கமிட்டி கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணிப்போம் என்று உறுதியாக நின்றதால்தான் அது நடந்தது. 1968இல் தென்னாப்பிரிக்காவை மறுபடி சேர்த்துக்கொள்ள எடுத்த முடிவும் அப்படித்தான் மாறியது. தென்னாப்பிரிக்காவையும் ரொடீசியாவையும் அழைக்கக்கூடாது என்பது ஸ்மித்தும் கார்லோஸும் சார்ந்திருந்த இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. பின்னாளில் நீங்கள் நீந்திய ஜிம்பாப்வே உருவாவதற்கு நெருக்கடி கொடுத்த குரல்களில் அந்த மேடைக் குரலும் இருந்தது.

அமெரிக்காவின் பிரச்சினையில் தமிழ்நாட்டிலிருக்கும் எனக்கு என்ன வந்தது என்றும் கேட்கலாம். 2021 டோக்கியோவில் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். சில நாட்களில் இந்தியா அரையிறுதியில் தோற்றதும், ஹரித்வார் அருகே அவருடைய வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி ஏசினார்கள் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்படும் வீரர் எந்த நாட்டிலும் இருக்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் துபாயில் பாகிஸ்தானுடனான டி20 உலகக் கோப்பை ஆட்டத்துக்கு முன் இந்திய கிரிக்கெட் அணி முழங்காலிட்டதை நாங்கள் பார்த்தோம். ஆட்டம் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் சாதாரண ஊர் அல்ல. தடகளப் போட்டிகள் நடக்கவிருக்கும் கொலிசியம் அரங்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான், கறுப்பினத்தவரான ரோட்னி கிங்கை அடித்த போலீசார் விடுதலையான 1992 ஏப்ரல் 29 அன்று கலவரம் வெடித்தது. 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இப்போது 2028 போட்டிக்கான வெள்ளை மாளிகைப் பணிக்குழுவுக்குத் தலைவராக இருப்பவர், 2017இல் முழங்காலிட்ட வீரர்களை வேலையைவிட்டுத் தூக்கச் சொன்ன அதே ஜனாதிபதி டிரம்ப். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு இளம் வீரர் கையை உயர்த்தினால் அவருக்குப் பக்கபலமாக யார் இருப்பார்கள்? தடை நீக்கத்தோடு, மேடையிலோ களத்திலோ அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்ததற்காக யாருடைய அங்கீகார அட்டையும் பறிக்கப்படாது, யாரும் கிராமத்திலிருந்து அனுப்பப்பட மாட்டார்கள் என்ற உறுதியையும் எழுத்தில் கொடுங்கள். தகுதிச் சுற்றுகள் முடிவதற்கு முன்பே, எல்லா நாட்டு வீரர்களும் அவரவர் மொழியில் படிக்கும்படி கொடுங்கள்.

கடைசியாக ஸ்மித், கார்லோஸ் பற்றி. 2005இல் அவர்கள் படித்த சான் ஹோசே பல்கலைக்கழகம் சிலை வைத்தது. 2019இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. கார்லோஸை 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் அமைப்புக் குழுவே வேலைக்கு எடுத்து, நகரின் கறுப்பின மக்களிடம் பேச அனுப்பியது. 2020 ஜூனில், அமெரிக்க வீரர்களோடு சேர்ந்து, 50ஆம் விதியை நீக்கச் சொல்லி அவர் உங்கள் கமிட்டிக்கே கடிதம் எழுதினார். 2028 ஜூனில் ஸ்மித்துக்கு 84 வயது நிறையும், கார்லோஸுக்கு 83. 1968 அக்டோபரில் எடுத்த முடிவு தவறு என்று கமிட்டியின் பெயரில், தலைவரின் கையெழுத்தோடு, இருவருக்கும் கடிதம் அனுப்புங்கள். காலெட்டுக்கு நேர்ந்த தாமதம் இவர்களுக்கு நேர வேண்டாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு தடகள ரசிகன்